பொலிஸ் தரும் 'வார்னிங்'கை மகன் ஏற்றுக்கொள்ளலாமா?

இந்த முறை பதில் எழுதுவது வடமேற்கு லண்டனில் வசிக்கும் ஒரு தாயின் கடிதத்துக்கு. நான்கு பக்கக் கடிதம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மகனுக்கு 15 வயது. நான்கு வயதில் பெற்றோருடன் இலங்கையிலிருந்து வந்தவன், இப்போது பத்தாம் ஆண்டு படிக்கிறான். குடும்பத்தில் எல்லோருக்கும் நிரந்தர வதிவிட உரிமை இருக்கிறது, இந்த வருடம் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இருந்தார்கள். மூன்று கிழமைக்கு முன்னர் பள்ளிக்கூடம் விட்டதும் மகன் மூன்று நண்பர்களுடன் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறான். ஒரு கடையிலிருந்து எடுத்த இரண்டு சென்ட் போத்தல்கள் அவனுடைய புத்தகப் பையில் பிடிபட்டன. வெளியே ஓடும்போது கூட வந்த பையன் ஒருவன் காவலாளியைத் தள்ளிவிட்டான். மகன் சொல்வது இதுதான்: "நான் ஒன்றையும் எடுக்கவில்லை. பையைப் பிடி என்றார்கள், பிடித்தேன்."

பொலிஸ் அவனைக் கைது செய்யவில்லை. 'வாலண்டரி இன்டர்வியூ' என்று ஒரு நாளைக்கு வரச்சொன்னார்கள். அம்மா கூடப் போனார். சொலிசிட்டர் வேண்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்றிருக்கிறார். "லோயர் கேட்டால் குற்றம் செய்தவன் மாதிரித் தெரியும் என்று நினைத்தேன் அக்கா" என்று எழுதியிருக்கிறார். மகன் உள்ளே அழுதான், "சொறி" என்றான், அதற்குமேல் அதிகம் பேசவில்லை. போன கிழமை அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டு, வழக்குப் போடாமல் 'யூத் கோஷன்' கொடுக்க இருப்பதாகவும் அடுத்த வியாழக்கிழமை வரும்படியும் சொல்லியிருக்கிறார்.

அப்பா மகனை பெல்ற்றால் அடித்திருக்கிறார். "ஒரு இரவு உள்ளே வைத்துப் பயம் காட்டுங்கள்" என்று அந்த அதிகாரியிடமே கேட்டிருக்கிறார். இப்போது யாழ்ப்பாணத்தில் இருக்கும் தன் அண்ணனிடம் மகனை அனுப்பவேண்டும் என்று நிற்கிறார். மாமா ஒருவர், "இந்த நாட்டில் மூன்று தடவை மன்னிப்பார்கள், இது முதல் தடவைதானே" என்கிறார். தாய் கேட்பது: "வெறும் வார்னிங்தானே, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடலாமா? அவன் டொக்டருக்குப் படிக்க ஆசைப்படுகிறான், அது போய்விடுமா? இதோடு திருந்துவானா?"

தங்கச்சி, உங்களைவிட எனக்கு வயது கூட என்று கடிதத்தில் தெரிகிறது, அதனால் அப்படியே கூப்பிடுகிறேன். வியாழக்கிழமை வருவதற்குள் நீங்கள் எழுதியது நல்ல காரியம். இன்னும் நேரம் இருக்கிறது.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். எங்கள் வாயில் 'வார்னிங்' என்றால் வாத்தியார் காதைப் பிடித்து, "இனிமேல் செய்யாதே" என்று சொல்லி அனுப்புவதுபோல இருக்கிறது. யூத் கோஷன் அது இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைக்கு நீதிமன்றத்துக்குப் போகாமல் பொலிஸ் சட்டப்படி கொடுக்கும் ஒரு தீர்வு அது. 1998ஆம் ஆண்டின் குற்றம் மற்றும் ஒழுங்கீனச் சட்டத்தில் அதற்குத் தனிப்பிரிவு இருக்கிறது. கொடுப்பதற்கு இரண்டு விஷயங்கள் கட்டாயம் வேண்டும்: வழக்குப் போடும் அளவுக்குச் சாட்சியம் இருக்கவேண்டும்; பிள்ளை தானே அந்தக் குற்றத்தைச் செய்ததாக ஒப்புக்கொள்ளவேண்டும். கொடுத்த பிறகு அது தேசியப் பொலிஸ் கணினியில் பதிவாகும். பின்னால் எப்போதாவது நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தால் அங்கே அதை எடுத்துக்காட்டலாம்.

இன்னொரு குழப்பத்தையும் உங்கள் கடிதத்தில் பார்த்தேன். "இன்டர்வியூவிலேயே கோஷன் பண்ணிவிட்டார்கள், பிறகு ஏன் மறுபடியும்?" என்று கேட்கிறீர்கள். இரண்டுக்கும் ஒரே பெயர், ஆனால் வேறுவேறு விஷயங்கள். இன்டர்வியூ தொடங்கும்போது அதிகாரி வாசித்தது, "நீ எதையும் சொல்லவேண்டியதில்லை, ஆனால்..." என்று தொடங்கும் உரிமை அறிவிப்பு. சந்தேகத்தில் விசாரிக்கப்படும் எல்லோருக்கும் அதைச் சொல்வார்கள், அதனால் எந்தப் பதிவும் வராது. வியாழக்கிழமை கொடுக்க இருப்பதுதான் பதிவாகும் கோஷன்.

மாமா சொன்ன 'மூன்று தடவை' கணக்கை அவர் எங்கே கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் முதலில் 'ரெப்ரிமாண்ட்', அடுத்தது 'பைனல் வார்னிங்', அதற்கு மேல் நீதிமன்றம் என்று படிகள் இருந்தன. 2013 ஏப்ரல் 8ஆம் தேதியோடு அந்த முறை போய்விட்டது. இப்போது படிக்கணக்கு இல்லை. முதல் தடவையே நீதிமன்றம் போகலாம், நாலாவது தடவையும் கோஷனோடு முடியலாம். குற்றம் எவ்வளவு பாரதூரமானது, பிள்ளையின் நிலை என்ன என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். "இன்னும் இரண்டு சான்ஸ் இருக்கிறது" என்ற நினைப்பு மகனின் காதில் விழவே வேண்டாம்.

எதை ஒப்புக்கொள்கிறான்?

என் பதிலில் முக்கியமான பகுதி இதுதான், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் தலைமுறை சீருடையைக் கண்டால் எப்படி நடந்துகொள்ளப் பழகியது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சோதனைச்சாவடியில் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினோம். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு உயிரோடு வீட்டுக்கு வந்தால் போதும் என்றிருந்தோம். அந்தப் பழக்கம் எங்களைக் காப்பாற்றியது, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் லண்டனில் ஒரு பொலிஸ் நிலைய அறையில் அதே பழக்கம் எங்கள் பிள்ளைகளுக்கு எதிராக வேலை செய்கிறது. இருபது வருடமாக அந்த அறைகளில் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறேன். தமிழ்ப் பெற்றோர் பலர் மரியாதையாக, வாய் திறக்காமல், "ஓம் சேர்" என்று சொல்லி, விஷயம் சீக்கிரம் முடியட்டும் என்று இருந்ததைக் கண்டிருக்கிறேன். அவர்களின் பிள்ளைகளும் செய்ததையும் செய்யாததையும் சேர்த்து ஏற்றுக்கொண்டு எழும்பிப் போனார்கள்.

உங்கள் மகன் "சொறி" என்று சொன்னது எதற்கு? பை பிடித்ததற்கா, திருடியதற்கா, அம்மாவை அங்கே கொண்டுவந்து உட்கார வைத்ததற்கா? 15 வயதுப் பிள்ளை அழுதுகொண்டு சொல்லும் "சொறி" மட்டும் குற்ற ஒப்புதல் ஆகாது. திருட்டு என்றால், வேறொருவரின் பொருள் என்று தெரிந்தே நேர்மையற்ற முறையில், திருப்பிக் கொடுக்கும் எண்ணமில்லாமல் எடுக்கவேண்டும். பை எதற்கு என்று அவனுக்குத் தெரிந்திருந்தால், கையை நீட்டி எடுத்தது வேறொருவனாக இருந்தாலும் இவனும் அதில் பங்காளிதான். "நான் எடுக்கவில்லை" என்பது அப்போது பதில் ஆகாது. ஆனால் உண்மையிலேயே தெரியாமல் பிடித்திருந்தால், பின்னால்தான் போத்தல் உள்ளே இருப்பதைக் கண்டிருந்தால், அவன் குற்றம் செய்யவில்லை. குற்றம் செய்யாத பிள்ளைக்குக் கோஷன் கொடுக்க சட்டம் இடம் தரவில்லை. பயத்தில் ஒப்புக்கொண்டால் மட்டும்தான் அப்படி நடக்கும்.

அடுத்தது அந்தத் தள்ளல். திருடும் நேரத்தில், திருடுவதற்காக யாரையாவது தள்ளினாலோ மிரட்டினாலோ சட்டத்தில் அது வழிப்பறி. 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டம் 8ஆம் பிரிவு அதை மிகப் பாரதூரமான குற்றமாக வைத்திருக்கிறது. உங்கள் மகன் தள்ளவில்லை, இன்னொருவன் தள்ளப்போகிறான் என்று எதிர்பார்க்கவும் இல்லை என்றால் அவனுடைய தாளில் அந்தச் சொல் வரக்கூடாது. கடைத்திருட்டு என்று எழுதப்போகிறார்களா, வழிப்பறி என்றா, அல்லது காவலாளியைத் தாக்கியது என்றும் சேர்த்தா? தொலைபேசியில் அதிகாரி "கோஷன்" என்று சொன்னதைத்தான் எழுதியிருக்கிறீர்கள், என்ன குற்றத்துக்கு என்று எழுதவில்லை. உங்களுக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன். அது தெரியாமல் அந்த அறைக்குள் போகவேண்டாம்.

யூத் கோஷனுக்கு உங்கள் கையெழுத்தும் அவனுடைய சம்மதமும் சட்டப்படி நிபந்தனை கிடையாது. எல்லாம் அந்த ஒப்புதலில் தொங்குகிறது. கொடுத்த பிறகு நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்ய வழி இல்லை. பொலிஸிடம் முறைப்பாடு செய்யலாம், பதிவை அழிக்கச்சொல்லி விண்ணப்பிக்கலாம், மேல்நீதிமன்றத்தில் நீதிப் பரிசீலனை கேட்கலாம். மூன்றும் நீண்ட வழிகள், பலன் அருமை. அதனால் யோசிக்கவேண்டிய நேரம் வியாழனுக்கு முன்தான்.

சொலிசிட்டர் கேட்டால் குற்றவாளி மாதிரித் தெரியுமோ என்ற பயத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். பொலிஸ் விசாரிக்கும் யாருக்கும் இலவசச் சட்ட ஆலோசனை பெறும் உரிமை இருக்கிறது. வருமானம் பார்க்கமாட்டார்கள். வாலண்டரி இன்டர்வியூவுக்கும் அது உண்டு. அந்த அதிகாரிகளின் சொந்தப் பிள்ளையே அந்தக் கதிரையில் இருந்தால் முதலில் கேட்பது சொலிசிட்டரைத்தான். அங்கே உங்கள் வேலையும் பார்வையாளராக இருப்பது இல்லை. 'அப்ரோப்ரியட் அடல்ட்' என்று உங்களை உட்கார வைக்கிறார்கள். நடப்பது நியாயமாக நடக்கிறதா என்று பார்ப்பதும், பிள்ளைக்கு விளங்காவிட்டால் நிறுத்திக் கேட்பதும் உங்கள் கடமை. அவன் வேண்டாம் என்றாலும் அவனுக்காக நீங்கள் சொலிசிட்டரை அழைக்கச் சொல்லலாம். ஆங்கிலம் சட்டம் பேசும் அளவுக்கு வராது என்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். மகனையே மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள், அது அவனுக்கும் பாரம், உங்களுக்கும் ஆபத்து.

இருக்கும் வழிகள்

ஒன்று, மகன் உண்மையாகவே தெரிந்து செய்தான் என்றால், சாட்சியமும் பலமாக இருந்தால், கோஷனை ஏற்பது பல பிள்ளைகளுக்கு நல்ல வழிதான். நீதிமன்றம் இல்லை, தண்டனைத் தீர்ப்பு இல்லை. பழைய குற்றப்பதிவை ஒரு காலத்துக்குப் பிறகு வெளியே சொல்லவேண்டியதில்லை என்னும் புனர்வாழ்வுச் சட்டப்படி, யூத் கோஷன் கொடுத்த அந்தக் கணமே 'காலம் கழிந்தது' என்று ஆகிவிடும். சாதாரண வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சொல்லவேண்டியதில்லை. பொலிஸ் இதை, சட்டச் சிக்கலில் மாட்டும் பிள்ளைகளோடு வேலை செய்யும் உள்ளூர் யூத் ஜஸ்டிஸ் சேவைக்குத் தெரிவிக்கவேண்டும். அவர்கள் வீட்டுக்கு வந்தால் பிள்ளையைக் கொண்டுபோக வந்திருக்கிறார்கள் என்று பயப்படாதீர்கள். அவர்கள் வருவது உதவி செய்ய.

இரண்டாவது, அதற்கும் கீழே இருக்கும் வழிகளைக் கேட்பது. இதைத்தான் நான் உங்களுக்கு முதலில் முயற்சி செய்யச் சொல்வேன். 'கம்யூனிட்டி ரெசொலூஷன்' என்று ஒன்று இருக்கிறது. பிள்ளை பொறுப்பை ஏற்று மன்னிப்புக் கேட்பதோ, நட்டத்தை ஈடுசெய்வதோ செய்தால் விஷயம் அதோடு முடியும். அது கோஷன் இல்லை, பொலிஸின் உள்ளூர்ப் பதிவில் மட்டும் இருக்கும். இன்னொன்றைப் பொலிஸ்காரர் 'அவுட்கம் 22' என்பார்கள். பிள்ளை ஒரு வழிகாட்டல் அல்லது கல்வி நிகழ்ச்சியில் கலந்துகொண்டால் மேல்நடவடிக்கை வேண்டாம் என்று விடுவது. அதற்குக் குற்ற ஒப்புதலே தேவையில்லை. முதல் தடவை, சிறிய கடைத்திருட்டு, பொருளும் திரும்பக் கிடைத்தது, பையன் தள்ளியவனும் இல்லை என்றால் ஏன் நேரே கோஷனுக்குப் போகிறீர்கள் என்று சொலிசிட்டர் எழுத்தில் கேட்கலாம். பிள்ளைகளின் குற்றங்களை எடைபோடப் பொலிஸ் தலைவர்கள் மன்றம் 2023இல் வெளியிட்ட ஒரு அட்டவணை இருக்கிறது, அதை வைத்தே கேட்பார். தொலைபேசியில் சொன்ன முடிவு கல்லில் எழுதிய முடிவு இல்லை. கொடுக்கும்வரை மாற்றலாம்.

மூன்றாவது, மகன் குற்றம் செய்யவில்லை என்றால் ஒப்புக்கொள்ள மறுப்பது. அப்போது பொலிஸ் விட்டுவிடலாம், வழக்கும் போடலாம். வழக்குப் போட்டால் இளையோர் நீதிமன்றம். அங்கே பொதுமக்கள் உள்ளே வரமுடியாது, பெயரைப் பத்திரிகையில் போட முடியாது. அங்கே தோற்றால் அது தண்டனைத் தீர்ப்பு, கோஷனைவிடப் பெரியது. முதல் தடவை குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பிள்ளைக்குப் பெரும்பாலும் மூன்று மாதம் முதல் ஒரு வருடம் வரையான 'ரெஃபரல் ஓடர்' கிடைக்கும், அதாவது ஒரு குழுவோடு பேசி ஒப்புக்கொண்ட திட்டத்தின்படி நடக்கவேண்டும் என்ற நீதிமன்றக் கட்டளை. மறுப்பது எந்த ஆபத்தும் இல்லாத வழி என்று நான் சொல்லவில்லை. ஆனால் செய்யாததை ஒப்புக்கொண்டு வரும் பிள்ளை, அம்மாவும் சேர்ந்துதானே ஒப்புக்கொள்ளச் சொன்னார் என்பதை நீண்டகாலம் நினைத்திருப்பான். அதையும் கணக்கில் எடுங்கள்.

'யூத் கண்டிஷனல் கோஷன்' என்று நிபந்தனைகளோடு வரும் ஒன்றும் இருக்கிறது. நிபந்தனையை மீறினால் பழைய குற்றத்துக்கே வழக்குப் போடலாம். உங்களுக்குச் சொன்னது அது இல்லை என்று நினைக்கிறேன், கேட்டு உறுதிசெய்யுங்கள்.

டொக்டர் கனவும் குடியுரிமையும்

டொக்டர் படிப்பைப் பற்றி நீங்கள் பயந்த அளவுக்குப் பயப்படவேண்டியதில்லை. முன்பு நிலைமை மோசம். சிறுவயதில் வாங்கிய ரெப்ரிமாண்ட் ஒன்று பெரியவனான பிறகும் டி.பி.எஸ் என்னும் குற்றப்பதிவுச் சான்றிதழில் வந்து வேலையைக் கெடுத்தது. அப்படிப் பாதிக்கப்பட்ட சிலர் உச்சநீதிமன்றம் வரை போனார்கள். பிள்ளைகளின் எச்சரிக்கைகளை இப்படித் தானாகவே வெளிப்படுத்துவது தவறு என்று 2019 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. 2020 நவம்பர் 28இலிருந்து யூத் கோஷன்கள் உயர்நிலை டி.பி.எஸ் சான்றிதழிலும் தானாக வருவதில்லை. மருத்துவக் கல்லூரி கேட்கும் சோதனையும் அந்த வகைதான். பொலிஸ் தன் விருப்புரிமையில், வேலைக்குத் தொடர்புடையது என்று நினைத்தால் சேர்க்கும் அதிகாரம் மட்டும் இன்னும் இருக்கிறது. 15 வயதில் நடந்த ஒரு கடைத்திருட்டுக்கு அதைப் பயன்படுத்துவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பதிவு மட்டும் பொலிஸ் கணினியில் அவனுடைய நூறு வயதுவரை இருக்கும். அதைக் கேட்டுத் திடுக்கிடாதீர்கள், இருப்பது வேறு, மற்றவர்களுக்குக் காட்டுவது வேறு.

நான் உண்மையில் கவலைப்படுவது நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப்போன குடியுரிமை விஷயத்தில். புனர்வாழ்வுச் சட்டத்தின் பாதுகாப்பு குடிவரவு, குடியுரிமை முடிவுகளுக்குப் பொருந்தாது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை பிரித்தானியராகப் பதிவு செய்யும்போதும் 'நன்னடத்தை' பார்ப்பார்கள், படிவத்தில் கோஷன்களையும் சொல்லவேண்டும். ஒரு யூத் கோஷன் இருந்தால் விண்ணப்பம் தானாக மறுக்கப்படாது. வயது, குற்றம், அதன் பிறகான நடத்தை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஆனால் மறைத்தால் அந்த மறைப்பே பெரிய குற்றமாகிவிடும். நீங்கள் வியாழக்கிழமைக்குத் தேடும் சொலிசிட்டரிடம் "எங்கள் பிள்ளை இன்னும் பிரித்தானியக் குடிமகன் இல்லை" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கோஷனா, கம்யூனிட்டி ரெசொலூஷனா என்று பேரம் பேசும்போது அது பெரிய வித்தியாசம். விண்ணப்பத்தை எப்போது போடுவது என்று ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடமும் கேளுங்கள்.

இதோடு திருந்துவானா?

உங்கள் மூன்றாவது கேள்வி. இதற்குச் சட்டத்தில் பதில் இல்லை, நான் கண்டதிலிருந்தும் படித்ததிலிருந்தும் சொல்கிறேன்.

கோஷன் என்ற தாள் யாரையும் திருத்தியதில்லை. பிடிபட்ட அதிர்ச்சியே பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போதும். முதல் தடவை பிடிபட்டுத் திரும்பவும் பொலிஸ் பக்கம் வராத பிள்ளைகளையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். எடின்பரோவில் 1998இல் மேல்நிலைப் பள்ளி தொடங்கிய சுமார் 4,300 பிள்ளைகளைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வு இருக்கிறது. குற்றத்தை விட்டு விலகும் வயதில், நீதிமன்றம், தண்டனை என்று முறைமைக்குள் ஆழமாக இழுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு விலகுவது இன்னும் கடினமாகிறது, கூடியவரை வெளியே வைத்தே உதவுவது நல்லது என்று அதை நடத்தியவர்கள் சொன்னார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006-07இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் முதல் தடவையாகக் கோஷனோ தீர்ப்போ பெற்றார்கள். அந்தக் காலத்தில் எத்தனை குற்றத்துக்கு முடிவு கண்டோம் என்று பொலிஸுக்கு இலக்கு வைத்திருந்தார்கள், பள்ளிக்கூட முற்றத்துச் சண்டைகூட அந்த எண்ணிக்கையில் சேர்ந்தது. இப்போது வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கும் குறைவு.

பயம் காட்டினால் திருந்துவான் என்று உங்கள் கணவர் நினைப்பது புதிது இல்லை. அமெரிக்காவில் பையன்களைச் சிறைக்குள் கூட்டிப்போய்க் கைதிகளைக்கொண்டு மிரட்டும் நிகழ்ச்சிகள் பல வருடம் நடந்தன. அவற்றைச் சோதித்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஒன்றுமே செய்யாமல் விட்ட பையன்களைவிட மிரட்டப்பட்டவர்கள்தான் அதிகம் குற்றம் செய்தார்கள். அதனால் ஒரு இரவு உள்ளே வைக்கச்சொல்லி இனிமேல் யாரிடமும் கேட்கவேண்டாம். பொலிஸ் அப்படிச் செய்யவும் மாட்டாது. மகன் அதைக் கேட்டிருந்தால் அவன் மனதில் என்ன பதிந்திருக்கும் என்று யோசித்துப்பாருங்கள்.

அந்த பெல்ற் விஷயத்தைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். காயமோ தழும்போ வரும் அடி இங்கிலாந்தில் குற்றம். பெற்றோர் என்ற காரணம் அதற்குப் பாதுகாப்பு ஆகாது. பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியர் தழும்பைக் கண்டால் சமூக சேவைக்கு அறிவிப்பார், அது அவருடைய கடமை. இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. உங்கள் கணவர் இரவு வேலை முடிந்து வந்து இந்தச் செய்தியைக் கேட்டவர், தன் அப்பா தன்னை வளர்த்த விதத்தைத் தவிர வேறொன்றும் தெரியாதவர் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது விளங்குகிறது. ஆனால் அடிவாங்கிய பிள்ளை அடுத்த தடவை ஒரு பிரச்சினை வந்தால் வீட்டில் சொல்லமாட்டான். யாரிடம் சொல்வான்? அந்த மூன்று பேரிடம்தான்.

யாழ்ப்பாணம் அனுப்புவது இப்போதைக்கு வேண்டாம். ஜி.சி.எஸ்.இ என்ற பள்ளிப் பொதுப்பரீட்சைக்கான படிப்பின் நடுவில் பிடுங்கி எடுத்தால் டொக்டர் கனவு கோஷனால் இல்லாமல் இதனாலேயே போகும். நான்கு வயதில் விட்டுவந்த ஊரில், எழுத வாசிக்கச் சிரமப்படும் மொழியில், பெரியப்பா வீட்டில் அவன் என்ன செய்வான்? முடிவு வரும்வரை பொலிஸிடமிருந்து ஓடியதுபோலவும் இருக்கும். தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் நிரந்தர வதிவிட உரிமையும் பறிபோகும். ஊர் விடுமுறைக்குப் போகவேண்டிய இடம், பிள்ளைக்கு அதைத் தண்டனைக் கூடமாக்கவேண்டாம்.

அப்புறம், கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் சும்மா சொல்வதுபோல ஒன்று எழுதியிருந்தீர்கள்: மகனிடம் புதிய சப்பாத்து ஒன்று இருக்கிறது, "ஒரு பெரிய அண்ணா தந்தவர்" என்றான். என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த வரிதான். அது ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். ஆனால் வளர்ந்தவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து, சாப்பாடு, கொஞ்சம் காசு என்று கொடுத்து, பிறகு "எனக்கு நீ கடன்" என்று சொல்லிச் சிறிய திருட்டில் தொடங்கி, போதைப்பொருளைக் கொண்டுபோகச் சொல்வது வரைக்கும் இழுப்பது இந்த நகரத்தில் நடக்கிறது. அப்படிப் பயன்படுத்தப்படும் பிள்ளையை 2015ஆம் ஆண்டின் நவீன அடிமைத்தனச் சட்டம் பாதிக்கப்பட்டவனாகப் பார்க்கிறது. அவனுக்கென்று தனியான பாதுகாப்புகள் உண்டு. கோபப்படாமல் கேளுங்கள்: யார் அந்த அண்ணா, எங்கே சந்தித்தாய், பதிலுக்கு ஏதாவது கேட்டாரா, உனக்கு அவரைப் பயமா? ஏதாவது இருந்தால் வியாழனுக்கு முன்னரே சொலிசிட்டருக்குத் தெரியவேண்டும், ஏனென்றால் முழுவழக்கும் அதனால் மாறும்.

அப்படி ஒன்றும் இல்லை என்றால், பார்க்கவேண்டியது மூன்றரை மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் இருக்கும் நேரத்தை. அப்பா நித்திரை, நீங்கள் வேலை, தங்கைக்கு வகுப்பு. அந்த நேரத்தில் மகன் எங்கே என்று உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. முன்பு கிரிக்கெட் ஆடினான், காசும் நேரமும் இல்லாமல் நிறுத்தினோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மறுபடியும் தொடங்கப் பாருங்கள். யூத் ஜஸ்டிஸ் சேவையிடம் நீங்களே கேட்டால் மாலை நிகழ்ச்சிகளுக்கு வழிகாட்டுவார்கள், கோஷன் இல்லாவிட்டாலும் விருப்பத்தின் பேரில் பல இடங்களில் உதவுகிறார்கள். கடைக்காரரிடமும் அந்தக் காவலாளியிடமும் மன்னிப்புக் கேட்டு அவன் கையால் கடிதம் எழுதுவது நல்ல விஷயம், ஆனால் அதையும் சொலிசிட்டர் பார்த்த பிறகே அனுப்புங்கள். அவசரப்பட்டு அனுப்பினால் அதுவே ஒப்புதல் தாளாகிவிடும்.

கோயிலில் யாருக்கும் தெரியக்கூடாது என்று தவிக்கிறீர்கள். தெரியவேண்டியதில்லை. தங்கைக்கு மட்டும் வயதுக்கு ஏற்றமாதிரி உண்மையைச் சொல்லுங்கள், வீட்டில் நடக்கும் குசுகுசுப்பு அவளை இதைவிட அதிகம் பயமுறுத்தும்.

நாளைக் காலை அதிகாரிக்குத் தொலைபேசி எடுத்து, "சட்ட ஆலோசனை எடுக்கவேண்டும், வியாழக்கிழமையைத் தள்ளிவைக்க முடியுமா, என்ன குற்றத்துக்கு என்று எழுத்தில் தாருங்கள்" என்று கேளுங்கள். தள்ளிவைக்காவிட்டால் வியாழக்கிழமை வாசலிலேயே டியூட்டி சொலிசிட்டர், அதாவது முறைப்படி பணியில் இருக்கும் இலவசச் சட்டத்தரணி, வேண்டும் என்று சொல்லுங்கள், அவர் வரும்வரை காத்திருங்கள். இன்றிரவு மகனிடம் ஒன்றை மட்டும் சொன்னால் போதும்: "நடந்ததை நடந்தபடி சொலிசிட்டரிடம் சொல். நீ செய்திருந்தால் செய்தேன் என்று சொல், செய்யாவிட்டால் செய்யவில்லை என்று சொல். இரண்டில் எதைச் சொன்னாலும் அம்மா உன் பக்கத்துக் கதிரையில்தான் இருப்பேன்."